தெருக்கூட்டும் வண்டியில் பிரஷ் மாற்றுவது: முதல் தடவை செய்பவர்களுக்கு

எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். பிரஷ்ஷைச் சரியாகக் கழற்றுவார்கள், சரியாக மாட்டுவார்கள். கடைசியில் ‘நல்லா கூட்டட்டும்’ என்று தரையோடு தரையாக அழுத்தி வைத்துவிடுவார்கள். நானும் அதைச் செய்தவன்தான். வாரக்கணக்கில் ஓட வேண்டிய இரும்புப் பிரஷ்ஷை நாலே நாளில் தேய்த்துத் தீர்த்த பெருமை எனக்கு உண்டு.

அன்றைக்கு வண்டி ஓட்டும் அண்ணன் கோபப்படவில்லை. மூலையில் கிடந்த ஈர்க்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். “தம்பி, கொஞ்சம் அழுத்திக் கூட்டு பாப்போம்” என்றார். கூட்டினேன். ஈர்க்கெல்லாம் வளைந்து குப்பைமேல் வழுக்கிக்கொண்டு போனது, மண் இருந்த இடத்திலேயே இருந்தது. “ஒங்க பாட்டி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல இப்படியா கூட்டுனாங்க?” என்று கேட்டார். அவ்வளவுதான் பாடம். கூட்டுவது ஈர்க்கின் நுனி. அதன் வயிறு தரையில் பட்டால் மண்ணைத் தடவிக் கொடுக்கும், அவ்வளவே. வண்டிப் பிரஷ்ஷும் அப்படித்தான். அதனால் இந்தப் பதிவில் கழற்றி மாட்டுவதைச் சுருக்கமாகவும், பிரஷ் தரையில் எவ்வளவு படவேண்டும் என்று அளவு வைப்பதைக் கொஞ்சம் விரிவாகவும் சொல்கிறேன்.

எந்தப் பிரஷ், என்ன வேலை

வண்டியின் பக்கவாட்டில் தட்டு மாதிரி சுற்றுவது பக்கப் பிரஷ். சாலை ஓரத்துக் கல்லையொட்டி இருக்கும் குப்பையைக் கிளப்பி உள்பக்கம் தள்ளுவது அதன் வேலை. வண்டிக்கு அடியில் உருளை மாதிரி குறுக்கே கிடப்பது நடுப் பிரஷ். பக்கப் பிரஷ் தள்ளிவிட்டதை அது வாரித் தொட்டிக்கு அனுப்பும். காற்றால் உறிஞ்சும் வண்டி என்றால் வாரும் வேலையை உறிஞ்சுகுழாய் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் பக்கப் பிரஷ் இல்லாமல் அதற்கும் பிழைப்பு ஓடாது.

பக்கப் பிரஷ்ஷில் பெரும்பாலும் தட்டையான எஃகுக் கம்பி. நடுப் பிரஷ்ஷில் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் நார், சிலவற்றில் நாரும் கம்பியும் கலந்து வரும். எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில், சுற்றிலும் தோட்டம். ஒரு காலத்தில் பால்மரம் (ரப்பர்), இப்போது அதிகமும் செம்பனை. குலை ஏற்றிப் போகும் லாரியிலிருந்து உதிரிப் பழம் விழுந்து, டயரில் நசுங்கி, தாரோடு எண்ணெயாக ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் டயரோடு டவுனுக்கு வந்துவிடும். வருடத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்க்கும்போது கால்வாய் ஓரமெல்லாம் சருகு. காய்ந்த சருகுக்கு நார் போதும். தாரோடு ஒட்டிய செம்மண்ணுக்கும் நசுங்கிய பழத்துக்கும், தைப்பூசத்தன்று தேங்காய் உடைத்த தெருவுக்கும் கம்பி வேண்டும். ஈரச் சேற்றில் மட்டும் எந்தப் பிரஷ்ஷையும் இறக்காதீர்கள். முதலில் மண்வெட்டியால் வழித்துவிடுங்கள்.

மாற்றிப் போடும் பிரஷ் ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1896-லேயே அமெரிக்காவில் சார்ல்ஸ் புரூக்ஸ் என்பவர் தெருக்கூட்டும் வண்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பனிக்காலத்தில் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பனி வழிக்கும் தகட்டை மாட்டலாம் என்பது அதன் சிறப்பு. அவருக்குப் பனி, நமக்குச் செம்மண்.

எப்போது மாற்றுவது

புதுப் பிரஷ் வந்ததும் கம்பியின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். எவ்வளவுக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதுதான் கணக்கு. ‘இன்னும் கொஞ்சம் ஓடும்’ என்று இழுத்தால் கம்பி குட்டையாகி விறைத்துப்போகும். விறைத்த கம்பி வளையாது, முறிந்து சாலையில் விழும். பிறகு மோட்டார் சைக்கிள்காரர்கள் பஞ்சரான டயரைத் தள்ளிக்கொண்டு வந்து, டயரில் குத்தியிருக்கும் கம்பியை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். எனக்கு நடந்திருக்கிறது. டியூப் காசை நான்தான் கொடுத்தேன்.

நீளம் இருந்தும் மாற்ற வேண்டிய நேரம் உண்டு. கம்பியெல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டது, கொத்துக் கொத்தாகக் காணோம், நடுப் பிரஷ் இடுப்பு சிறுத்து உடுக்கை மாதிரி ஆகிவிட்டது என்றால் தயங்காதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

இதில் விளையாட்டு வேண்டாம். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் தொங்கவிடாதீர்கள், நீங்கள் அடியில் இருப்பது தெரியாமல் யாராவது ஸ்டார்ட் பண்ணக்கூடும். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தைக் கையேட்டில் சொன்னபடி இறக்குங்கள். தூக்கி நிற்கும் பிரஷ்ஷுக்கு அடியில் போவதானால் முட்டுக்கொடுக்காமல் போகவே போகாதீர்கள். ஹைட்ராலிக் குழாய் வெடிப்பதற்கு நல்ல நேரம் கெட்ட நேரம் கிடையாது.

தோல் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். புதுப் பிரஷ்ஷைச் சுற்றிக் கட்டியிருப்பதை வெட்டும்போது கம்பி படாரென்று விரியும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கப் பிரஷ்ஷைக் கழற்றுதல்

முதலில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அப்புறம் தட்டுக்கு மேலே, மோட்டார் தண்டு உள்ளே போகும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். நீலமும் சிவப்புமாக ஏதோ சுற்றியிருக்கும், அது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொட்டலம் கட்டிய ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சுற்றிச் சுற்றி இறுகி, சூடேறி, உருகி, கடைசியில் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலை அரித்துவிடும். சீல் போனால் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகும், பிறகு மோட்டாரையே கழற்ற வேண்டிவரும். கத்தியால் அறுத்து, கொறடால் முழுதையும் பிடுங்கி எடுங்கள். பிரஷ் மாற்றும் நாளுக்காக இதைத் தள்ளி வைக்காமல் ஒவ்வொரு வாரமும் பாருங்கள்.

பக்கப் பிரஷ் இரண்டு விதம். ஒன்று முழுத் தட்டாக வரும். போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். இன்னொன்று துண்டு துண்டாக வரும், வடையை நாலாகப் பிட்ட மாதிரி. இரும்புத் தட்டு வண்டியிலேயே இருக்கும், துண்டுகளை மட்டும் மாற்றினால் போதும். துண்டு போடுவதில் ஒரு விதி உண்டு. ஒன்று தேய்ந்தாலும் எல்லாத் துண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் பிரஷ் ஆட்டம் போடும், அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்னும்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல்நாள் சாயங்காலமே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டுப் போங்கள், மறுநாள் காலையில் தானாக வழிக்கு வரும். தலை உருண்டுபோனால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மாட்டுதல்

தட்டின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஒரு சிறு கல் இடையில் மாட்டினாலும் பிரஷ் கோணலாகத்தான் உட்காரும். பிடி விட்ட பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு எதிரும் புதிருமாக இறுக்குங்கள், கார் சக்கரத்துக்குச் செய்வது மாதிரி.

இடது, வலது பார்த்துப் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் இடது பிரஷ் கடிகாரம் சுற்றும் திசையிலும், வலது பிரஷ் அதற்கு எதிராகவும் சுற்றும். இரண்டும் குப்பையை ஓரத்திலிருந்து முன்பக்கமாகக் கொண்டுவந்து நடுவே தள்ள வேண்டும் இல்லையா, அதனால்தான். கம்பி சாய்ந்திருக்கும் பிரஷ் என்றால், பக்கம் மாறினால் வேலை பாதியாகிவிடும்.

நடுப் பிரஷ்ஷைப் பற்றி நீட்டவில்லை. ஒரே உருளையாக வந்தால் ஒரு பக்கத்துப் பேரிங் தாங்கியைக் கழற்றி உருவி, புதியதை ஏற்றி, கிரீஸ் அடித்து மூட வேண்டியதுதான். வளையம் வளையமாக வந்தால் பழையதையெல்லாம் தண்டிலிருந்து உருவிவிட்டு, புது வளையங்களை நடுவே இடைவளையம் விட்டுக் கோர்க்க வேண்டும், மாலை கட்டுகிற மாதிரி. எத்தனை வளையம் வெளியே வந்ததோ அத்தனை உள்ளே போக வேண்டும். எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். ஒரே உருளையான பிரஷ் ஒரு முனை மட்டும் தேய்கிறது என்றால், சில வண்டிகளில் அதைத் தலைமாற்றிப் போடலாம். உங்கள் வண்டிக்குச் சரிப்படுமா என்று கையேட்டைப் பாருங்கள்.

அளவு வைத்தல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். தரையில் மெல்லியதாகப் புழுதி தூவுங்கள். நாங்கள் கோலமாவு தூவுவோம், வெள்ளை பளிச்சென்று தெரியும். தவுக்கே (முதலாளி) பார்த்துச் சிரிப்பார், பரவாயில்லை. இனி இன்ஜினை ஓட்ட வேண்டும், அதனால் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வண்டியை நகர்த்தாமல் பிரஷ்ஷை இறக்கி, அரை நிமிடம் சுற்றவிட்டு, தூக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டுங்கள். இன்ஜினை நிறுத்தியபின் தரையைப் பாருங்கள். பிரஷ் தன் கையெழுத்தைப் போட்டிருக்கும்.

நடுப் பிரஷ் என்றால் குறுக்கே ஒரு பட்டை தெரியும். கையால் தள்ளிக்கொண்டு போகும் சின்ன எந்திரத்துக்கு அந்தப் பட்டை 5 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். லாரி அளவு வண்டிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் வண்டிக்கான துல்லிய அளவு கையேட்டில் இருக்கும். அகலத்தைவிட முக்கியம், பட்டை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு முனை அகலம், மறுமுனை ஒல்லி என்றால் பிரஷ் சாய்ந்திருக்கிறது, ஒல்லியான பக்கத்தை இறக்குங்கள். நடுவில் ஒல்லி, இரு முனையும் அகலம் என்றால் சாய்வில் தப்பில்லை, பிரஷ் இடுப்பு தேய்ந்திருக்கிறது. புதுப் பிரஷ்ஷில் அப்படி வந்தால் கடைக்காரரிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.

பக்கப் பிரஷ் முழு வட்டமாகத் தரையைத் தொடக்கூடாது. அது முன்பக்கமும் வெளிப்பக்கமும் லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். கோலமாவில் விழும் தடம் பிறை மாதிரி வளைந்திருக்கும். தடத்தின்மேல் ஒரு கடிகாரத்தை வைத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், 12 வண்டி போகும் திசை. இடது பிரஷ்ஷுக்கு 9 மணியிலிருந்து 2 மணி வரை தடம் விழுந்தால் சரி. வலது பிரஷ்ஷுக்கு 10 முதல் 3 வரை. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் 10-3 என்று இருக்கும். அங்கே வண்டி வலப்பக்கம் போகிறது, ஓரக்கல்லும் வலப்பக்கம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், நமக்கு இடது பிரஷ்தான் உழைப்பாளி. அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே வைத்தால், ஓரக்கல்லை ஒட்டிய மண்ணை விட்டுவிட்டு நடுரோட்டைப் பளபளப்பாக்குவீர்கள்.

முழு வட்டம் விழுந்தால் சாய்வு போதவில்லை. பின்பக்கம் தொடும் கம்பி, உள்ளே தள்ளிய குப்பையை மறுபடி வெளியே எறியும். ஒரு சாண்கூட இல்லாத சிறு கீறல் மட்டும் விழுந்தால் சாய்வு அதிகம், கம்பி ஒரே இடத்தில் தேயும்.

சரி, தடம் சரியாக விழுந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். கை அரிக்கும், ‘இன்னும் ஒரு திருகு’ என்று தோன்றும். வேண்டாம்.

முதல் நாள்

ஒரு மணி நேரம் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, மறுபடி சாவியை உருவி, எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதுப் பிரஷ் தட்டில் உட்கார்ந்து பழகும்போது ஒன்றிரண்டு தளரும். கம்பி தேயத் தேயத் தடம் சிறுக்கும், அப்போது கொஞ்சம் இறக்கலாம். வாரம் ஒருமுறை கோலமாவு தூவிப் பார்த்தால் போதும்.

பட்டறைத் தரையில் ஒரு காந்தத்தை இழுத்து, முறிந்த கம்பித் துண்டையெல்லாம் பொறுக்கிவிடுங்கள். செம்பனை எண்ணெய் ஒட்டிய நார்ப் பிரஷ்ஷைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசினால் மண் அப்பாது. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பிரஷ்ஷைத் தூக்கியே வையுங்கள். தரையில் அழுந்திக் கிடந்தால் விடிவதற்குள் நார் ஒரு பக்கமாகப் படுத்துவிடும். மாற்றுக்கு வாங்கி வைத்ததையும் நார் கீழே பட வைக்காமல், வெயில் படாத சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். மாட்டிய தேதியைத் தட்டின்மேல் பெயிண்டால் எழுதிவிடுங்கள். அடுத்த தடவை ‘போன மாசம்தானே போட்டோம்’ என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.