முள்ளெலி எலியே இல்லை! பயணத்தில் கொறித்துண்ணிப் போட்டி நடத்துவது எப்படி?

நானும் தம்பியும் பயணம் போனால் புலி, யானையைத் தேடுவதில்லை. அணில், எலி, முள்ளம்பன்றி, ஆற்றில் அணை கட்டும் பீவர் போன்ற கொறித்துண்ணிகளில் யார் அதிக வகை பார்க்கிறோம் என்பதுதான் போட்டி. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் இவைதான். அண்டார்டிகா தவிர எந்தக் கண்டத்திலும் ஆட்டம் நடக்கும்.

படி 1: புள்ளிகள்

கிளம்புவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பகலில் சாதாரணமாகத் தென்படும் அணிலுக்கு 1, மலையேறித் தேட வேண்டிய மர்மோட்டுக்கு (வளையில் வாழும் பெரிய தரை அணில்) 3, ராத்திரியில் நடமாடும் முள்ளம்பன்றிக்கு 5. ஒரு இனத்துக்கு ஒரு முறைதான்.

படி 2: எது கணக்கில் வரும்?

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முள்ளெலி ஒன்று பந்தாகச் சுருண்டு கிடந்தது. மூச்சு விடும்போது முட்கள் மட்டும் லேசாக ஏறி இறங்கின. குஷியில் 5 புள்ளி எழுதிவிட்டேன்.

"அக்கா, பேர்ல எலி இருந்தா எலி ஆயிடுமா?" என்றான் தம்பி.

தேடிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. முள்ளெலியும் மூஞ்சூறும் பூச்சி, புழு தின்னும் வேறொரு வரிசையைச் சேர்ந்தவை. பெயரில் பன்றியை வைத்திருக்கும் முள்ளம்பன்றியோ அசல் கொறித்துண்ணி! பெயரை நம்பினால் புள்ளி போச்சு.

பல்தான் அடையாளம். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி வெட்டுப்பற்கள். ஆயுள் முழுக்க வளரும். முயலுக்கு மேல்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சின்ன ஜோடி உண்டு, அதனால் முயல் அவுட். சரி, ஓடுகிற பிராணியின் பல்லை யார் பார்ப்பது? மூஞ்சியைப் பாருங்கள். நீண்டு கூம்பி, கண் பொட்டுப்போல இருந்தால் பெரும்பாலும் மூஞ்சூறுதான்.

படி 3: கருவிகள்

8 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள பைனாகுலர் போதும். 10 மடங்கில் கை நடுக்கம் எல்லாம் தெரியும், எனக்குப் பிடிக்காது. ராத்திரிக்குச் சிவப்பு டார்ச். போன் ஜூமை நம்பிப் போகாதீர்கள்.

படி 4: தேடுவது

அணிலும் மர்மோட்டும் பகலில், பீவர் அந்தியில். மலையில் விசில் சத்தம் கேட்டால் பாறை உச்சிகளைப் பாருங்கள், மர்மோட் எச்சரிக்கை கொடுக்கிறது. குளிர்காலத்தில் போனால் அது வளைக்குள் தூங்கும்.

தண்ணீரில் நீந்தும் கொறித்துண்ணி எது என்று வாலை வைத்துச் சொல்லிவிடலாம். துடுப்புப்போல் அகலமாகத் தட்டையாக இருந்தால் பீவர். உருண்டையாக இருந்தால் நியூட்ரியா. ஒல்லியாகப் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் மஸ்க்ராட்.

படி 5: சாட்சி

போட்டோ வேண்டும், அல்லது எதிராளியே பார்த்திருக்க வேண்டும். கீழே கிடக்கும் முள்ளம்பன்றி முள், பீவர் கடித்துக் கூம்பாக்கிய மரக்கட்டை எல்லாவற்றுக்கும் அரைப் புள்ளி. தீனி போட்டு வரவழைத்தாலோ வளையைக் குடைந்தாலோ 5 புள்ளி கழியும். எச்சத்தையும் செத்த எலியையும் தொடவே வேண்டாம். எலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நோய் தரும் ஹான்டா வைரஸ் இவற்றிலிருந்து பரவலாம்.

பின்சேர்க்கை

ஆரஞ்சுப் பல் தெரிந்தால் நியூட்ரியா என்று முதலில் எழுதியிருந்தேன். பீவருக்கும் ஆரஞ்சுப் பல்தான் என்று ஒருவர் திருத்தினார். நன்றி. மீசை வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள், அது நியூட்ரியா.

மிருகக்காட்சிசாலை கணக்கில் வருமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூண்டுக்குள் இருக்கும் காப்பிபராவுக்கு (உலகின் மிகப் பெரிய கொறித்துண்ணி) புள்ளி கிடையாது. ஆனால் அதன் தீனியைத் திருட வெளியிலிருந்து வந்த சுண்டெலிக்குத் தம்பி 1 புள்ளி எழுதிக்கொண்டான். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.