மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்குமுன்: நான் செய்த தவறுகளும் செய்யாமல் தப்பித்தவையும்

லண்டனில் குழந்தைத் தள்ளுவண்டியை 'பக்கி' என்கிறார்கள். மதுரைப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வண்டி நினைவுக்கு வராது. பந்தியில் மூன்றாவது தடவையும் பாயசம் கேட்கிற என் தம்பிதான் வருவான். ஏழு மாதக் கர்ப்பத்தில் ஒரு கடையில் மூன்று சக்கர பக்கி ஒன்றைப் பார்த்தேன். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் சைக்கிளில் இருந்து கழற்றியது போல இரண்டு பெரிய சக்கரங்கள். கடையின் வழுவழுத் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது. அன்றைக்கே வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த வண்டி, வாசற்கதவைத் தாண்டி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் மாடிப்படிக்கும் நடுவில் சிக்கி நின்றது. எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா எட்டிப் பார்த்து, "பிள்ளை, உந்த வண்டியை எங்க வைக்கப் போறீர்?" என்று கேட்டார். எட்டு மாதம் கழித்து அதை விற்கும்வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்று சக்கர வண்டி மட்டம் என்று சொல்ல வரவில்லை. அது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்த வண்டி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர் மகனையும் கூட்டிக்கொண்டு ஓடப் போக ஆசைப்பட்டார். சாதாரணத் தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டிப் பார்த்தார். அதிலிருந்து 1984இல் 'பேபி ஜாகர்' நிறுவனம் வந்தது. பிறகு நியூசிலாந்தில் 'மவுண்டன் பக்கி' போன்றவை மண்பாதையையும் புல்வெளியையும் மனதில் வைத்து வந்தன. ஓட்டத்துக்கும் கரடுமுரடுக்கும் செய்த வண்டியை நாம் வாங்கி, சூப்பர் மார்க்கெட் பால் அலமாரிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போகிறோம். சிக்கல் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

மூன்று சக்கரம் என்றாலே ஓடலாமா?

கூடாது. பலரும் செய்யும் தவறு இது. கடையில் மூன்று சக்கரத்தோடு நிற்பவற்றில் இரண்டு சாதி உண்டு. ஒன்று உண்மையான ஓட்ட வண்டி: 12 அல்லது 16 அங்குலக் காற்று டயர், ஸ்பிரிங், நேராகப் பூட்டக்கூடிய முன் சக்கரம், மணிக்கட்டில் மாட்டும் பட்டை, பெரும்பாலும் ஒரு கைப்பிரேக். இன்னொன்று நகர வண்டி. பார்க்க அதே மாதிரி இருக்கும், சக்கரம் மட்டும் சின்னதாக, ஃபோமாக இருக்கும். இதை எடுத்துக்கொண்டு பூங்காவில் ஓடினால் சுழலும் முன் சக்கரம் வேகத்தில் படபடவென்று ஆடத் தொடங்கும். ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தாலே சட்டென்று திரும்பிவிடும். ஓடலாமா கூடாதா என்பது கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கும். விற்பனையாளரைக் கேட்பதைவிட அதைப் படிப்பது மேல்.

ஓட்ட வண்டியே வாங்கினாலும் குழந்தைக்குக் கழுத்து நன்றாக நிற்கும்வரை ஓடக்கூடாது. குறைந்தது ஆறு மாதம் என்பதுதான் பொதுவான அறிவுரை. சில தயாரிப்பாளர்கள் எட்டு, ஒன்பது மாதம்வரைகூடக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அடுப்புக்கல்லும் ஆட்டோவும்

நம் ஊர் அடுப்புக்கு மூன்று கல் வைப்பார்கள். மேடுபள்ளமான தரையிலும் பானை ஆடாது. ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் உட்காரும். மூன்று சக்கர வண்டி புல்தரையில் சொகுசாகப் போவதும் இதனால்தான். ஆனால் ஆட்டோவில் ஏறியவர்களுக்கு மறுபக்கம் தெரியும். வேகமாக வளைத்தால் ஒரு பக்கம் தூக்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம் இருப்பதால், வண்டியின் எடை முன்பக்க மூலையை நோக்கிச் சாயும்போது அங்கே தாங்க எதுவும் இல்லை.

நடைபாதை விளிம்பில் பக்கவாட்டாக இறங்கும்போது இது நன்றாகத் தெரியும். விளிம்பை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும்: ஏறும்போது கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஏற்றுங்கள், இறங்கும்போது வண்டியைத் திருப்பிப் பின் சக்கரங்களை முதலில் இறக்குங்கள். ஐரோப்பாவின் சில ரயில் நிலையங்களில் படிக்கட்டின் மேல் இரண்டு தடம் மட்டும் போட்டுச் சரிவு வைத்திருப்பார்கள். அங்கே முன் சக்கரம் நடுவில் அந்தரத்தில் நிற்கும். இருவர் சேர்ந்து தூக்குவதைத் தவிர வழியில்லை.

கவிழ்வதற்கு இன்னும் சாதாரணமான காரணம் பை. கைப்பிடியில் மளிகைப் பையை மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால், முன்பக்க எடை இல்லாமல் போய் வண்டி அப்படியே பின்னால் மல்லாக்கும். குழந்தை உள்ளே இருக்கும்போதும் பை கனமாக இருந்தால் இதே கதைதான். சாமான் எல்லாம் அடியில் உள்ள கூடைக்குப் போகட்டும்.

அளவு நாடாவை எடுங்கள்

என் கதைக்கு வருகிறேன். பெரிய சக்கர வண்டிகள் பின்பக்கம் 60 முதல் 65 சென்டிமீட்டர்வரை அகலம் இருக்கும். பிரிட்டனின் பழைய வரிசை வீடுகளில் உள்கதவு 76 சென்டிமீட்டர், சிலவற்றில் அதற்கும் குறைவு. கதவின் கனமும் கைப்பிடியும் அதிலிருந்து கொஞ்சம் தின்றுவிடும். நுழைவதோடு முடிவதில்லை. உள்ளே திரும்ப வேண்டும், ராத்திரி எங்காவது நிறுத்த வேண்டும். வீட்டு நடை, லிஃப்ட், மருத்துவர் கிளினிக்கின் கதவு, எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பிறகு கார் டிக்கி. மடித்தாலும் முன் சக்கரத்தைக் கழற்றினால்தான் பல வண்டிகள் உள்ளே போகும். மழையில், சேறு பிடித்த சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அழுகிற குழந்தையோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடை 10 முதல் 14 கிலோ. கூடவே ஒரு வயதுக் குழந்தை சுமார் 10 கிலோ. மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு என்றால் இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள், வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

பேருந்தில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பிரிட்டனில் பக்கி நிறுத்தும் இடமும் சக்கர நாற்காலி நிற்கும் இடமும் ஒன்றேதான். முன்னுரிமை சக்கர நாற்காலிக்கு. 2012இல் டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியில் லீட்ஸ் போகும் பேருந்தில் ஏறப் பார்த்தார். அந்த இடத்தில் தூங்கும் குழந்தையோடு ஒரு தாய் இருந்தார். தன் வண்டி மடியாது என்று சொல்லி நகர மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது, நியாயமான அடுத்த முயற்சியும் செய்ய வேண்டும். எனக்கு அந்தத் தாயின் மேல் கோபம் வரவில்லை. மடிக்க வராத வண்டியோடு நானும் நின்றிருக்கிறேன். ஆனால் இடம் அவருடையது அல்ல. ஆகவே கடையிலேயே, ஒரு கையில் கைப்பையையோ பொம்மையையோ குழந்தையாகப் பாவித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் வண்டியை மடித்துப் பாருங்கள். விற்பனையாளர் மடித்துக் காட்டுவது கணக்கில் சேராது.

யார் தள்ளப் போகிறார்கள்?

பிரசவம் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்தார். அவருக்குக் கைப்பிடி மார்பு உயரத்துக்கு நின்றது, என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே. உயரம் மாற்ற முடியாத கைப்பிடி. எட்டி நடக்கிற கணவரின் கால், பின் அச்சுக் கம்பியில் இடித்துக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு இன்னொரு தொல்லை: சேலை. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பெரிய சக்கரத்தில் கம்பிகள் திறந்தே இருக்கின்றன. ஒருநாள் முந்தானை நுனி உள்ளே போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் துப்பட்டா சிக்குவது பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ஆங்கில வழிகாட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை. சேலை, துப்பட்டா அணிகிறவர்கள் தள்ளப் போகும் வீட்டில் ஸ்போக் இல்லாத, மூடிய சக்கரம் நல்லது.

காற்று டயர் இதமாகப் போகும், ஆனால் பஞ்சராகும். எவ்வளவு காற்று என்று டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு சின்னப் பம்பை அடிக்கூடையில் போட்டு வைக்கலாம். பெரும்பாலும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும்தான் என்றால் ஃபோம் டயரே போதும்.

பிறந்த குழந்தையும் வெயிலும்

நிமிர்ந்த இருக்கையில் பிறந்த குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. தலை முன்னால் தொங்கினால் மூச்சுப்பாதை மடங்கும். முதல் ஆறு மாதத்துக்குத் தட்டையாகப் படுக்கும் தொட்டிலோ, முழுக்கச் சாயும் இருக்கையோ வேண்டும். ஓட்ட வண்டிகள் பலவற்றில் இது கிடையாது, அல்லது தனி விலை. 'கார் சீட்டையே மேலே மாட்டிக்கொள்ளலாமே' என்பார்கள். மாட்டலாம், கொஞ்ச நேரத்துக்கு. மத்தியானத் தூக்கம் முழுவதும் அதிலேயே என்றால் கூடாது.

வெயிலுக்கு மெல்லிய துணிதானே என்று வண்டியின் வாயைப் போர்த்தி மூடுவதை நானும் செய்திருக்கிறேன். ஸ்வீடனின் 'ஸ்வென்ஸ்கா தாக்பிளாதெத்' நாளிதழ் 2014இல் சோதித்துப் பார்த்தது. மூடாதபோது 22 டிகிரி இருந்த வண்டியின் உள்ளே, மெல்லிய துணி போட்ட அரை மணி நேரத்தில் 34 டிகிரி, இன்னும் ஒரு மணி நேரத்தில் 37. காற்று உள்ளே போகாததுதான் காரணம். அகலமான கூரை உள்ள வண்டியைத் தேடுங்கள், அல்லது கைப்பிடியில் மாட்டும் குடை. மழை உறைக்கும் இதே விதிதான், கடைக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

பிரேக்கும் மணிக்கட்டுப் பட்டையும்

நல்ல சக்கரம் நன்றாக உருளும், சரிவில் தானாகவும் உருளும். 2009 அக்டோபரில் மெல்போர்னின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில் தாய் கையை எடுத்த சில நொடிகளில் தள்ளுவண்டி நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்து, வந்த ரயிலில் சிக்கியது. குழந்தை சின்னக் காயத்தோடு பிழைத்தது. தண்டவாளத்துக்கு இணையாக வண்டியைத் திருப்பி நிறுத்தி, பிரேக் போட்டு, பட்டையைக் கையில் மாட்டிக்கொள்வது சில நொடி வேலை. ஆஸ்திரேலியச் சட்டம் மணிக்கட்டுப் பட்டையையும் சிவப்பு நிறப் பிரேக் லீவரையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே உள்ளவர்கள் வெளிநாட்டு வண்டியை வரவழைத்தால் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால்

நான் இரண்டாவது வண்டியைச் செகண்ட் ஹேண்டாகத்தான் வாங்கினேன், அதில் தப்பில்லை. பாதி விலைக்கும் கீழே, வெறும் ஆறு மாதம் ஓடிய வண்டிகள் கிடைக்கும். என்னைப் போல அவசரப்பட்டு வாங்கியவர்கள் விற்பவைதான். ஐரோப்பாவில் இ.என். 1888 என்ற தர எண் வண்டியின் சட்டகத்தில் எங்காவது ஒட்டியிருக்கும். மாடல் எண்ணை வைத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு உண்டா என்று தேடுங்கள். மடிக்கும் கீலில் விரல் போகுமா என்று பாருங்கள். 2009 நவம்பரில் மெக்லாரன் என்ற தள்ளுவண்டி நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை கொடுத்தது. அதற்குள் 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. அவை மூன்று சக்கர வண்டிகள் அல்ல, ஆனால் கீல் எல்லாவற்றிலும் உண்டு.

மூன்று சக்கரத்துக்கே உரியது முன் சக்கர லீவர். சைக்கிளில் இருப்பது போலத் திருப்பிக் கழற்றும் அந்த லீவர் சரியாக இறுகாவிட்டால் ஓடும்போது சக்கரம் கழன்றுவிடும். 2015 செப்டம்பருக்கு முன் வந்த 'பாப்' ஓட்ட வண்டிகளில் இப்படி நடந்ததாகச் சுமார் 200 புகார்கள் குவிந்து, 2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றை விற்ற பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டது. வண்டியில் குறையில்லை, லீவரை ஒழுங்காக மாட்டாததுதான் காரணம் என்றது நிறுவனம். அந்த ஆண்டு நவம்பரில் சமரசமாகி, சரியாக மாட்டும் முறையை விளக்கும் பிரசாரமும் மாற்றுப் பாகங்களும் வந்தன. பழைய வண்டி கைக்கு வந்ததும், குழந்தையை உட்கார வைக்கும் முன், முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தை இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவை டிக்கியிலிருந்து எடுத்து மாட்டும்போதும் இதே இழுப்பு.