கல்ச்சரில் கிருமி இல்லை, எரிச்சல் மட்டும் இருந்தது

எனக்கு வயது 61. சிறுநீர் போகும்போது எரிச்சல், வந்தால் அடக்க முடியாத அவசரம், இரவில் நாலு தடவை எழுந்திருப்பது. இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் குறையும், அப்புறம் பழையபடி. தண்ணீரைக் குறைத்தேன், எரிச்சல் கூடியது. வாசனை சோப்பு போட்டுக் கழுவியது அதைவிடப் பெரிய தப்பு.

ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் இரண்டிலும் கிருமி வளரவே இல்லை. யோசித்தால் எரிச்சலும் உள்ளே இல்லை, சிறுநீர் வெளித்தோலில் படும் இடத்தில்தான். இதையும், உறவின்போது இருந்த வலியையும் வாயால் சொல்ல வராது என்று ஒரு தாளில் எழுதி மகளிர் மருத்துவரிடம் நீட்டினேன். அவர் பரிசோதித்துவிட்டு, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து அந்தத் தோலும் சிறுநீர்த்துவாரமும் மெலிந்து வறண்டிருக்கிறது என்றார்.

பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக்கொடுத்தார்: இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. மார்பகப் புற்றுநோய் வந்ததா, மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். கிரீம் உடனே பலன் தரவில்லை, ஆறாவது வாரத்தில்தான் எரிச்சல் நின்றது. இப்போது இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன், அப்பாடா என்று இருக்கிறது.