ரஷ்யன் வினைச்சொல்: மூணு வடிவம் படிச்சா போதும்

ரஷ்யன் படிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப். வினைச்சொல்லோட ஆறு வடிவத்தையும் மனப்பாடம் பண்ணாதீங்க, நான், நீ, அவங்க இந்த மூணை மட்டும் சத்தமா சொல்லிப் பழகுங்க, மிச்சம் தானா வந்துரும். அழுத்தம் விழுற இடத்தை இங்க நெடிலா எழுதுறேன்.

லுபீத்னா நேசிக்கிறது. லுப்லூ, லூபிஷ், லூப்யத். "நான்"ல மட்டும் அழுத்தம் கடைசில, "நீ"ல இருந்து முன்னாடி தாவி அங்கேயே உக்காந்துக்கும். நடுவுல ஒரு ல் வந்துச்சு பாருங்க, கடைசி -இத்துக்கு முன்னாடி உதட்டுல பிறக்கிற ப, வ, ம மாதிரி எழுத்து இருக்கிற இந்த வகை வினைக்கெல்லாம் அது வரும், அதுவும் "நான்"க்கு மட்டும்தான்.

ஆனா பிசாத் (எழுதுறது) வேற டைப்பு. பிஷூ, பீஷெஷ், பீஷுத்னு ஸ போய் ஷ வந்தா ஆறுலயும் ஷ தான்.

மூல வடிவத்துலயே (அகராதில இருக்கிற வடிவம்) அழுத்தம் முன்னாடி இருந்தா கவலையே இல்ல, அது நகராது. கதோவித் (சமைக்கிறது): கதோவ்ல்யு, கதோவிஷ். ல் வந்துச்சு, அழுத்தம் அசையல. ரெண்டும் தனித்தனி விஷயம், நிறைய பேரு இதைத்தான் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

அழுத்தத்துல அசால்ட்டா இருந்துராதீங்க, கடைல போய் பிளச்சூன்னா பணம் கட்டுறேன், பிளாச்சுன்னா அழுறேன் (பில்லைப் பாத்தா ரெண்டும் சரிதான்னு வைங்க).

"அவங்க"வை ஏன் விடக்கூடாதுன்னா மோச் (முடியும்) மாதிரி சிலது இருக்கு: மகூ, மோஷெஷ், மோகுத். நடுவுல மாறின க கடைசில திரும்பி வந்துருது.