தற்செயலாக அமைந்த முகபாவத்தை மீண்டும் படமெடுப்பது எப்படி?

மங்கலாகப் பதிந்துவிட்ட ஒரு நல்ல படத்தைத் தெளிவாக மறுபடி எடுக்க விரும்புபவர், "அன்று சிரித்த மாதிரியே சிரியுங்கள்" என்று கேட்பதை முதலில் கைவிட வேண்டும். உதட்டை நினைத்தபடி அசைக்கலாம். மனம்விட்டுச் சிரிக்கையில் கண்ணைச் சுற்றிச் சுருங்கும் தசையோ சொன்ன சொல்லுக்கு எளிதில் கட்டுப்படாது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இலேயே எழுதிவிட்டார். ஆகவே முகபாவத்தைக் கேட்காமல், அது தோன்றிய சூழலைத் திரும்ப அமைக்க வேண்டும்.

பழைய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் மின்னும் வெள்ளைப் புள்ளி, ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் காட்டும். மூக்கின் நிழல் வெளிச்சம் வந்த உயரத்தைச் சொல்லும். தூரத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. முகத்தின் அமைப்பு நாம் நிற்கும் தூரத்தைப் பொறுத்து மாறுவதால், ஒரு மீட்டரில் எடுத்த முகத்தை மூன்று மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் அது வேறொருவர் முகம் போலத் தோன்றும்.

உதாரணமாக, பழைய படம் எடுத்த அன்று பூத் தொடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் இன்றும் உதிரிப்பூவையும் நாரையும் கொடுங்கள். அப்போது பேச்சுக்கொடுத்த பேத்தியை அதே பக்கத்தில் உட்கார வையுங்கள். பார்வை தானாக அங்கே திரும்பும். பழைய படத்தை மட்டும் பாட்டியிடம் காட்ட வேண்டாம், காட்டினால் தம்மைத் தாமே நடிக்கத் தொடங்கிவிடுவார். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 வினாடிக்கு மேல் போகாமல் வைத்து, அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள். "போதும், முடிந்தது" என்று சொன்ன பிறகும் கேமராவை இறக்காதீர்கள். தோள் தளர்ந்து, முகம் இயல்புக்குத் திரும்புவது பெரும்பாலும் அப்போதுதான்.

இவ்வளவு செய்தும் வேறு முகம் வரக்கூடும். 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ், அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைச் சட்டென்று எடுத்துவிட்டுப் பதிவுசெய்த முறைப்பு உலகப் புகழ் பெற்றது. அதே அறையில் அடுத்து எடுத்த படத்தில் சர்ச்சில் புன்னகைக்கிறார். கார்ஷ் இரண்டையுமே எடுத்தார். உங்களுக்கும் புதிய முகம் வந்தால், பழையதோடு ஒப்பிட்டுத் தயங்காமல் அதை எடுத்துவிடுங்கள். பழைய படத்தையும் அழிக்க வேண்டாம். உள்ளங்கை அளவில் அச்சிட்டால் அதன் மங்கல் அவ்வளவாகத் தெரியாது.