மரணவீட்டுக்குப் போனால் என்ன சொல்வது, என்ன செய்வது

மலர்ச்சாலையில் கைகொடுக்கும்போது, "கேள்விப்பட்டன், மனம் கேக்கேல்ல, வந்திட்டன்" என்றால் போதும். இறந்தவரைப் பெயர் சொல்லியே பேசுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டாம், அதைக் காலையிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் சொல்லிக் களைத்திருப்பார்கள்.

கூடுதலான பிழை பைபிள் வசனம் சொல்வதில்தான் நடக்கிறது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றவர் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. துக்கக்காரர் தானாகச் சொல்லலாம். போனவர் சொன்னால் அது வாயை அடைப்பது. "அழாதேங்கோ, பரலோகத்தில சந்திப்பம்" என்பதும் அப்படித்தான். 1 தெசலோனிக்கேயர் 4:13, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறது, துக்கத்தையே தடுக்கவில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பத்தான் போகிறார், இருந்தும் இயேசு அழுதார். வாசிக்கச் சொல்லிக் கேட்டால் 23ஆம் சங்கீதம் எல்லோருக்கும் பழக்கம். கடவுளோடு கோபமாக இருப்பவருக்கு 88ஆம் சங்கீதம்: கடைசி வரிகூட இருளில்தான் முடிகிறது. வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள்.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கொழும்பில் அம்மா பக்கம் சைவம், அப்பா பக்கம் வேதம் (கிறிஸ்தவம்) என்று எத்தனையோ வீடுகள். அங்கே ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைப்பது மகா அநியாயம்.

"ஏதும் தேவையெண்டா சொல்லுங்கோ" என்பதால் பயனில்லை, ஒருவரும் சொல்லமாட்டார்கள். "செவ்வாய் இரவு இடியப்பமும் சொதியும் கொண்டுவாறன், எத்தனை பேர்?" என்று கேளுங்கள். திருப்பித் தரத் தேவையில்லாத டப்பாவில் கொடுங்கள். அடக்கம் முடியும்வரை சாப்பாடு வந்து குவியும், பிறகு நின்றுவிடும். அதனால் இரண்டாம் கிழமையைப் பிடியுங்கள். வங்கிக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் பிரதிகள் எடுக்கக் கூடவே போங்கள், வரிசையில் நீங்கள் நில்லுங்கள்.

31ஆம் நாள் பூசையோடு சனம் கலைந்துவிடும். இறந்தவரின் பிறந்தநாள், நத்தார், மரித்தோரை நினைவுகூரும் நவம்பர் 2 மூன்றையும் போனில் குறித்துவைத்து, அன்றைக்கு ஒரு கோல் எடுங்கள். கனத்தை மயானத்துக்குப் போவதென்றால் துணைக்கு வருவதாகச் சொல்லுங்கள். "நானும் போயிருக்கலாம்" என்ற பேச்சு வந்தால் வசனத்தைத் தேடாமல், சாக நினைக்கிறீர்களா என்று நேரே கேளுங்கள். ஆமென்றால் தனியே விடாதீர்கள். பக்கத்திலேயே இருந்து தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.