மோஸ்லி காலத்துத் தாள்கள்: சேகரிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் ஆஸ்வால்ட் மோஸ்லி தலைமையில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகள் அச்சடித்துத் தள்ளிய துண்டுப்பிரசுரங்களும் பேட்ஜுகளும் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சின்னத்தைப் பார்த்துத்தான். வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் போதும், ‘1930-கள், ஆஸ்வால்ட் மோஸ்லி கட்சி’ என்று சொல்லி விலையை ஏற்றிவிடுவார்கள். 1932-ல் அவருடைய கட்சி, ‘பிரிட்டிஷ் யூனியன் ஆஃப் ஃபாசிஸ்ட்ஸ்’, தொடங்கியபோது அந்த மின்னலே கிடையாது. இத்தாலியில் இரவல் வாங்கிய, கோடரி செருகிய கழிக்கட்டுதான் அப்போது சின்னம். 1940-ல் அரசு கட்சியைத் தடை செய்த பிறகும் மின்னல் ஒழியவில்லை; 1948-ல் மோஸ்லி ஆரம்பித்த புதுக் கட்சியான யூனியன் மூவ்மென்ட்டும் அதையே வைத்துக்கொண்டது. உங்கள் கையில் இருப்பது 1950-களின் பேட்ஜாகவும் இருக்கலாம்.

சின்னத்தை விடுங்கள், தாளின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அச்சிட்டவர் பெயரும் முகவரியும் போட்டாக வேண்டும் என்பது அங்கே அன்றைய சட்டம். கட்சி முகவரியும் சேர்ந்திருந்தால் வேலை சுலபம். செல்சி, கிங்ஸ் ரோடு என்றிருந்தால் ‘பிளாக் ஹவுஸ்’ தலைமையகமாக இருந்த 1930-களின் முற்பகுதி. வெஸ்ட்மின்ஸ்டர், கிரேட் ஸ்மித் தெரு என்றால் அதற்குப் பிந்தையது. புகைப்படங்களிலும் கவனம் வேண்டும். கறுப்புச் சட்டைச் சீருடையில் அணிவகுப்பு, பின்னால் ‘லண்டன், 1938’ என்று பென்சிலில் குறிப்பு — நம்பாதீர்கள். 1937 ஜனவரி 1 முதல் அரசியல் சீருடைக்கே தடை.

‘ஆக்‌ஷன்’ பத்திரிகையில் இன்னொரு குழி. 1931-ல் அந்தப் பெயரில் வந்த வார இதழ் மோஸ்லியின் முந்தைய ‘நியூ பார்ட்டி’யுடையது, ஆசிரியர் ஹெரால்டு நிக்கல்சன். அவர் பாசிசத்துக்குள் மோஸ்லியோடு போகவில்லை. பாசிஸ்டுகளின் ‘ஆக்‌ஷன்’ 1936-ல்தான் தொடங்கியது. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும் விற்பனைப் பட்டியலைக் கண்டால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவதே எனக்கு வழக்கம்.

பாசிஸ்டுகளுடையது அல்ல, பிரிட்டிஷ் அரசின் போர்க்காலச் சுவரொட்டியான ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ (‘பதறாமல் வேலையைத் தொடருங்கள்’) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1939-ல் சுமார் 24.5 லட்சம் அச்சாகி, ஒட்டப்படாமலே பெரும்பகுதி கூழாகப் போனது. சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் 2000-க்குப் பிறகு போட்ட மறுஅச்சு.

கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். மலிவு நியூஸ்பிரின்ட் தானாகவே பழுப்பேறி நொறுங்கும். பசை அதைச் சீக்கிரமாக்கும். அமிலமற்ற உறையில் தட்டையாக, வெயில் படாமல் வைத்தால் போதும்.

எனக்கு உறுத்தும் தவறு, பாசிஸ்டுகளின் தாளை மட்டும் தேடித் தேடிச் சேர்ப்பது. எதிர்த்தவர்கள் அச்சடித்ததும் பக்கத்தில் இல்லாவிட்டால் அது வெறும் கட்சி அலமாரி. 1936 அக்டோபர் 4 அன்று லண்டனின் கிழக்குப் பகுதி வழியாக மோஸ்லி ஊர்வலம் அறிவித்திருந்தார். அதே நாளில் உள்நாட்டுப் போரில் இருந்த ஸ்பெயின் குடியரசுக்கு ஆதரவாக டிரஃபால்கர் சதுக்கத்தில் கம்யூனிஸ்டுகள் கூட்டம் வைத்திருந்தார்கள், துண்டுப்பிரசுரமும் தயார். ஊர்வலத்தைத் தடுக்கக் கிழக்கு லண்டனில் திரள்வது என்று கடைசி நேரத்தில் திட்டம் மாற, அச்சடித்த தாளின் மேலேயே ‘மாற்றம்: ஆல்ட்கேட், பகல் 2 மணி’ என்று மறுபடி அச்சு ஏற்றி விநியோகித்தார்கள். எழுத்தின் மேல் எழுத்து விழுந்த அந்தப் பிரதியைப் ‘பாழான பிரதி’ என்று ஒதுக்கிவிட்டு, சுத்தமான பிரதிக்கு அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.